ஊருக்குச் சொந்தமான அணி, ஊர் கட்டிக்கொடுத்த மைதானம்

நவம்பர் 1, 2025, சனி. கிரீன் பே, விஸ்கான்சின்

மில்வாக்கி தாண்டி வடக்கே போகப் போக சாலையோரப் பலகைகளில் இரண்டே பெயர்கள்தான். ஒன்று சீஸ், இன்னொன்று கிரீன் பே ஊரின் ஃபுட்பால் அணியான பேக்கர்ஸ். பெட்ரோல் பங்க் வாசலில் பச்சையும் மஞ்சளுமாகக் கொடி. பல் டாக்டர் கிளினிக் கண்ணாடியில் அதே நிறத்தில் ஸ்டிக்கர். ஒரு சர்ச் வாசலில் ‘நாளை ஆராதனை சீக்கிரமே முடிந்துவிடும், மேட்சுக்குப் போய்விடலாம்’ என்று எழுதி வைத்திருந்ததை மாப்பிள்ளை வண்டியை மெதுவாக்கிக் காட்டினார்.

மாப்பிள்ளை என்றால் தங்கை கணவர். சிகாகோ பக்கம் நேப்பர்வில்லில் வீடு. தெருவே சிகாகோ பேர்ஸ் ரசிகர்கள். விஸ்கான்சினில் படித்த தோஷம், இவர் மட்டும் பேக்கர்ஸ். நான் கோவையில் ஆடிட்டர் ஆபீசில் குப்பை கொட்டுகிறவன். முட்டை மாதிரி இருக்கும் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதை ஃபுட்பால் என்று சொல்கிற இந்த ஆட்டத்தில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் இந்த ஆட்டத்தின் பெரிய லீக்கான என்.எஃப்.எல்.லில் இருக்கும் 32 அணிகளில் இந்த ஒரே அணிதான் வருடா வருடம் வரவு செலவைப் பொதுவில் வைக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னதும் கிளம்பிவிட்டேன்.

கிரீன் பேயின் மக்கள்தொகை 1 லட்சத்துச் சொச்சம். மைதானத்தில் 81,441 பேர் உட்காரலாம். சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் ஊரின் மக்கள்தொகையைவிட நீளம். பிள்ளை பிறந்ததும் பெயர் பதிந்து வைக்கிறார்களாம்.

தங்கியது நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மோட்டல். சாதாரண நாளில் 85 டாலர் அறை, மேட்ச் வாரம் என்பதால் 310. ஹீட்டர் ராத்திரி பூராவும் இருமியது. ரிசப்ஷனில் இருந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். அவர் தலைக்குப் பின்னால் சுவரில் சட்டம் போட்ட ஒரு பத்திரம். பேக்கர்ஸ் பங்குப் பத்திரம். 2011இல் 250 டாலர் கொடுத்து வாங்கினாராம். “நானும் ஒரு முதலாளிதான்” என்று சொல்லிக்கொண்டே எங்கள் அறைச் சாவியை நீட்டினார்.

அந்தப் பத்திரத்தைக் கிட்டப் போய்ப் படித்தேன், தொழில் புத்தி. டிவிடெண்ட் கிடையாது. விற்க முடியாது, குடும்பத்துக்குள் மாற்றிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். விலை ஏறாது. ஜூலையில் மைதானத்தில் நடக்கும் கூட்டத்துக்குப் போகலாம், ஓட்டுப் போடலாம். இப்படிப் பங்கு வைத்திருப்பவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். கடைசியாக 2021இல் விற்றபோது பங்கு 300 டாலர், அதையும் வரிசையில் நின்று வாங்கினார்கள். என் முப்பது வருட அனுபவத்தில் இவ்வளவு மோசமான முதலீட்டை இவ்வளவு பெருமையாகச் சுவரில் மாட்டிய ஆளைப் பார்த்ததில்லை.

அணி தொடங்கியது 1919இல். கர்லி லாம்போ என்ற இளைஞர், தான் வேலை பார்த்த இறைச்சி பேக்கிங் கம்பெனியில் ஜெர்சிக்காக 500 டாலர் வாங்கினார். பேக்கர்ஸ் என்ற பெயர் அப்படி வந்தது. 1923இல் காசில்லாமல் தள்ளாடியபோது ஊர்க்காரர்களிடம் பங்கு 5 டாலர் என்று விற்றுப் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு லீக் விதியை மாற்றிவிட்டது. இனி எந்த ஊரும் இப்படி அணி வைத்துக்கொள்ள முடியாது. பழைய ஆள் என்பதால் கிரீன் பேயை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

ராத்திரிச் சாப்பாடு ஒரு பாரில். சீஸ் கர்ட் பொரித்தது 11 டாலர். பொரிக்காததையும் ஒரு பிடி கொடுத்தார்கள், புதுசாக இருந்தால் பல்லில் கீச் கீச் என்று சத்தம் வரும், அதுதான் தரத்துக்கு அடையாளம். பிறகு பூயா. பெல்ஜியத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் வழி வந்தது என்கிறார்கள். கோழி, மாடு, உருளை, கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் ஒரே அண்டாவில் மணிக்கணக்காக வெந்த கெட்டிச் சூப். மிளகாய் என்றால் என்னவென்று கேட்கும். மாப்பிள்ளை பையிலிருந்து இட்லிப் பொடி டப்பாவை எடுத்தார். பக்கத்து ஸ்டூல்காரர் தயங்காமல் கை நீட்டி வாங்கித் தன் கிண்ணத்திலும் தூவிக்கொண்டார். கண் கலங்கியது, ஆனால் முழுசும் சாப்பிட்டார்.

நவம்பர் 2, ஞாயிறு. லாம்போ ஃபீல்ட்

இன்று அதிகாலை 2 மணிக்கு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். போன் தானாக மாறிக்கொண்டது. மோட்டல் சுவர்க் கடிகாரம் மாறவில்லை. அதை நம்பி இருட்டில் குளித்துக் கிளம்பி வெளியே வந்தால் காலைச் சாப்பாட்டு அறையே திறக்கவில்லை. முதலாளி அம்மா மட்டும் பச்சை ஸ்வெட்டரில் காபி போட்டுக்கொண்டிருந்தார்.

மைதானம் ஊருக்கு வெளியே இல்லை. வீடுகளுக்கு நடுவில் நிற்கிறது. சுற்றுத் தெருக்களில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் புல்வெளியில் கார் நிறுத்த இடம் விடுகிறார்கள். நாங்கள் போன வீட்டில் 50 டாலர். எதிரணி யார் என்பதைப் பொறுத்து விலை மாறுமாம். “இன்று கரோலைனாதான், அதனால் மலிவு” என்றார் வீட்டுக்காரத் தாத்தா. கார்களை அங்குலம் அங்குலமாக உள்ளே தள்ளி, எல்லோரும் வெளியே எடுக்க முடிகிற மாதிரி நிறுத்துவதற்கு அவர் கையில் ஒரு பழைய ஹாக்கி மட்டை வைத்திருந்தார். அதை இடமும் வலமும் ஆட்டுவதிலேயே எல்லாம் நடந்தது.

வாசலில் சிக்கல். கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் பைதான் உள்ளே விடுவார்கள், மாப்பிள்ளையின் முதுகுப் பைக்கு அனுமதி இல்லை. திரும்பத் தாத்தா வீட்டுக்கே ஓடினோம். வாங்கித் தன் சமையலறை மேஜையில் வைத்துக்கொண்டார். காசு வேண்டாம் என்றுவிட்டு, போகிற வழியில் சாப்பிட ஆளுக்கொரு பிராட்வர்ஸ்ட் வேறு கொடுத்தார். பீரில் வேக வைத்து அப்புறம் கரியில் சுட்ட தொத்திறைச்சி. அப்பேர்ப்பட்ட மனுஷரிடம் பங்கு இருக்கிறதா என்று கேட்டேன். “எனக்கு மட்டுமா, நாய்க்கும் வாங்கியிருப்பேன், விடவில்லை” என்றார்.

உள்ளே முக்கால்வாசி இடம் அலுமினிய பெஞ்சு. குளிர் பெஞ்சிலிருந்து நேராக எலும்புக்கு ஏறுகிறது. 1967 டிசம்பர் 31 அன்று இதே இடத்தில் மைனஸ் 25 டிகிரி செல்சியஸில் ஆடியிருக்கிறார்கள், ஐஸ் பவுல் என்று இன்றும் சொல்கிறார்கள். இன்று அதில் கால்வாசிக் குளிர்கூட இல்லை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பக்கத்திலிருந்த பெண்மணி, கேட்காமலே, தான் உட்கார்ந்திருந்த ரப்பர் விரிப்பை என் பக்கமும் நீட்டிப் போட்டார்.

டிவியில் பார்க்கும்போது தெரியாத ஒன்று நேரில் தெரிகிறது. ஆட்டம் நடக்கும் நேரத்தைவிட ஆட்டம் நிற்கும் நேரம் அதிகம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒரு மேட்சில் பந்து உயிரோடு இருப்பது 11 நிமிடம்தான் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2010இல் கணக்குப் போட்டது. விளம்பர இடைவேளை வந்தால் டிவி ஆள் ஒருவர் மைதானத்துக்குள் வந்து நிற்கிறார். அவர் வெளியே போகும்வரை நூற்றுச் சொச்சம் கிலோ ஆட்கள் 22 பேரும் இடுப்பில் கை வைத்துக் காத்திருக்கிறார்கள். எண்பதாயிரம் பேரும் காத்திருக்கிறோம். இந்த ஆட்டம் யாருக்காக நடக்கிறது என்பது அந்த ஒரு ஆளைப் பார்த்தால் புரிந்துவிடும்.

பேக்கர்ஸ் சுலபமாக ஜெயிக்கும் என்றுதான் வந்திருந்தார்கள். ஜெயிக்கவில்லை. கரோலைனாவின் ரிகோ டௌடில் இரண்டு டச் டவுன் போட்டார், அதாவது பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினார். இரண்டாவதைக் கொண்டாடிய விதம் சரியில்லை என்று நடுவர் அபராதம் போட, அதனால் தூரம் கூடி, அடுத்த ஒரு பாயிண்ட் உதையும் தவறியது. கூட்டம் துள்ளியது. பிறகு 13-13. கடைசி நொடியில் ரயன் ஃபிட்ஸ்ஜெரால்ட் 49 கெஜத்திலிருந்து உதைத்தார். 16-13. மைதானம் மூச்சுவிடாமல் இருந்தது. பிறகு ஆளாளுக்குத் தெர்மாஸ் மூடியைத் திருகும் சத்தம். ஒருத்தரும் கெட்ட வார்த்தை பேசவில்லை, கரோலைனா சட்டை போட்ட ஒரு தம்பதிக்கு வழிவிட்டு “பத்திரமாகப் போங்க” என்றார்கள். அதை நம்ம ஊர் மைதானங்களில் எதிர்பார்க்க முடியுமா, யோசித்துப் பார்த்தேன், சேப்பாக்கத்தில் முடியும்.

நான் எழுத நினைத்தது அதில்லை. பிற்பாதியில் டக்கர் கிராஃப்ட் என்ற பேக்கர்ஸ் வீரர் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். இந்த சீசனில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர். எனக்கு முன்வரிசையில் இருந்த பையன், இருபத்தைந்து வயது இருக்கலாம், தலையில் கை வைத்து “என் டிக்கெட் போச்சு” என்றான். புரியாமல் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவன் இலினாய்க்காரன். இந்தப் பக்கம் வருவதற்கு முன்னாலேயே, கிராஃப்ட் டச் டவுன் போடுவார் என்று போனில் பந்தயம் கட்டிவிட்டு வந்திருக்கிறான். எல்லை தாண்டினால் ஆப் வேலை செய்யாது, விஸ்கான்சினில் பழங்குடியினர் நடத்தும் கேசினோக்களுக்கு வெளியே இப்படிப் பந்தயம் கட்ட அனுமதி இல்லை.

2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத் தடையை நீக்கும்வரை என்.எஃப்.எல். சூதாட்டத்தை எதிர்த்துக் கோர்ட்டில் நின்ற கட்சி. மூன்றே வருடத்தில், 2021இல், டிராஃப்ட் கிங்ஸ், ஃபேன் டூயல், சீசர்ஸ் என்ற மூன்று பந்தயக் கம்பெனிகளோடும் ஒப்பந்தம். சூதாட்ட ஊரான லாஸ் வேகஸில் அணி, அதே லாஸ் வேகஸில் சூப்பர் பவுல் என்கிற இறுதிப் போட்டி. முன்வரிசைப் பையனுக்கு பேக்கர்ஸ் தோற்றது கடைசியில் பெரிதாகத் தெரியவில்லை. அவன் நஷ்டம் அரை மணி முன்னாலேயே முடிந்துவிட்டது.

பை வாங்கப் போனால் தாத்தா வாசலில் நின்று ஒவ்வொரு காரையும் ஹாக்கி மட்டையால் வெளியே விட்டுக்கொண்டிருந்தார். நாலே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிட்டது.

நவம்பர் 3, திங்கள். திரும்பும் வழி

கிராஃப்டின் முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது, சீசன் முடிந்தது என்று செய்தி. மாப்பிள்ளை ஷெபாய்கன் வரை பேசவில்லை.

அப்புறம் கணக்கு பேசினோம். பேக்கர்ஸ் வெளியிட்ட கணக்குப்படி, 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் லீக்கின் பொது வருமானத்திலிருந்து அவர்கள் பங்காக வந்தது 43 கோடியே 26 லட்சம் டாலர். இது 32 அணிக்கும் ஒரே தொகை. நியூயார்க்கும் இதேதான், டல்லாஸும் இதேதான், லட்சம் பேர் ஊரும் இதேதான். இந்த சீசனில் ஒரு அணி வீரர்களுக்குச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 27 கோடியே 92 லட்சம். அதாவது ஒரு டிக்கெட்கூட விற்காமல், ஒரு பிராட்வர்ஸ்ட் விற்காமல், சம்பளம் கட்டி மிச்சமும் இருக்கும். எந்தக் கம்பெனி பேலன்ஸ் ஷீட்டிலும் இப்படி ஒரு வரியை நான் கண்டதில்லை.

இதற்கு வேர் 1961. பீட் ரோசெல் என்ற லீக் கமிஷனர், நியூயார்க் ஜயண்ட்ஸின் மாரா குடும்பம் மாதிரிப் பெரிய ஊர் முதலாளிகளை உட்கார வைத்து, டிவி பணத்தைச் சமமாகப் பிரிப்போம் என்று ஒத்துக்கொள்ள வைத்தார். கூட்டாக விற்பதற்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டுக் கொடுத்தது, கென்னடி கையெழுத்து. 1962இல் சி.பி.எஸ். கொடுத்தது வருடத்துக்கு 46.5 லட்சம் டாலர், 14 அணிக்குப் பங்கு. 2021இல் போட்ட ஒப்பந்தங்கள் பதினோரு வருடத்துக்கு 11,000 கோடி டாலரைத் தாண்டும். சம்பாதிக்கிற அண்ணனும் சம்பாதிக்காத தம்பியும் ஒரே உண்டியலில் போட்டு எடுக்கிற கூட்டுக் குடும்பம், அதுவும் அமெரிக்காவில். ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 2022இல் 48,390 கோடி ரூபாய்க்குப் போனபோது நாம் வாய் பிளந்தோமே, ஒரு மேட்சுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் உலகத்தில் அதற்கு மேலே இருந்தது இவர்கள்தான்.

“அப்ப இது எப்பவும் ஓடும்ல மச்சான்?” என்றார் மாப்பிள்ளை.

டிவி பக்கம் பார்த்தால் ஓடும். 2023இல் அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த 100 ஒளிபரப்புகளில் 93 என்.எஃப்.எல். மேட்ச். இந்த பிப்ரவரி சூப்பர் பவுலைச் சராசரியாக 12 கோடியே 77 லட்சம் பேர் பார்த்தார்கள். சீரியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், மேட்சை அப்போதே பார்க்க வேண்டும், அதனால் விளம்பரக்காரனுக்கு வேறு போக்கிடம் இல்லை. அமேசான் வியாழக்கிழமையை வாங்கிவிட்டது, நெட்ஃப்ளிக்ஸ் கிறிஸ்துமஸை வாங்கிவிட்டது. 2029 சீசனுக்குப் பிறகு பெரும்பாலான ஒப்பந்தங்களிலிருந்து லீக் விலகிப் புது விலை கேட்கலாம். நிச்சயம் கேட்பார்கள்.

நான் சந்தேகப்படுவது உண்டியலைத்தான். 2024 ஆகஸ்டில் முதலீட்டு நிதி நிறுவனங்கள் ஒரு அணியில் 10 சதவீதம்வரை வாங்கலாம் என்று முதலாளிகள் ஓட்டுப் போட்டார்கள். ஓட்டுரிமை இல்லாத பங்கு, சின்னப் பங்கு. இருந்தாலும் நிதி நிறுவனம் வருவது விற்றுவிட்டுப் போவதற்கு. அணியின் விலை ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். 2023இல் வாஷிங்டன் அணி 605 கோடி டாலருக்குப் போனது. அந்த விலையில் வாங்கியவன், கிரீன் பேக்கு நான் ஏன் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நாள் கேட்க மாட்டானா? இன்றைக்குக் கேட்கவில்லை. ஊருக்கு வெளியே தேடுகிறார்கள். இந்த வருடம் சாவ் பாவ்லோ, டப்ளின், லண்டன், பெர்லின், மாட்ரிட்; அடுத்த வருடம் மெல்பர்ன். மேட்ச் எண்ணிக்கையையும் 17இலிருந்து 18 ஆக்கப் பார்க்கிறார்கள். அதற்கு வீரர்கள் சங்கம் ஒத்துக்கொள்ள வேண்டும், இப்போதைய ஒப்பந்தம் 2030 சீசன்வரை. வருமானத்தில் ஏறத்தாழ 48 சதவீதம் வீரர்களுக்கு. இன்னொரு மேட்ச் என்றால் இன்னொரு ஞாயிறு, இன்னும் சில முழங்கால்.

வீட்டுக்கு வந்தால் மருமகன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். பன்னிரண்டு வயது. “மாமா, அம்மாகிட்ட சொல்லுங்க, நான் டேக்கிள் டீம்ல சேரணும்.” டேக்கிள் என்றால் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு இடித்து விழுத்தாட்டும் ஆட்டம். தங்கை உள்ளேயிருந்தே, “அண்ணா, நீ இதுல வாய் திறக்காதே” என்றாள். திறக்கவில்லை.

நவம்பர் 5, புதன். கேண்டன், ஒஹையோ

மாப்பிள்ளைக்கு கிளீவ்லாண்டில் ஆபீஸ் வேலை, ஒட்டிக்கொண்டேன். நேற்று விமானம் நாலு மணி நேரம் தாமதம். காரணம் மூன்று விதமாகச் சொன்னார்கள், மூன்றையும் நம்பவில்லை. விமான நிலையத்தில் ஒரு வாழைப்பழம் 2 டாலர்.

கிளீவ்லாண்டிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் கேண்டன். 1920 செப்டம்பர் 17 அன்று இங்கே ரால்ஃப் ஹே என்பவரின் கார் ஷோரூமில் லீக் பிறந்தது. நாற்காலி பத்தவில்லை, கார் படிகளில் உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டு பேசினார்களாம். அணிக்கு 100 டாலர் கட்டணம் என்று முடிவு. அதையும் யாரும் கட்டியதாகத் தெரியவில்லை. 605 கோடிக்கு வந்து நிற்கிற சொத்துக்கு இதுதான் மூல பத்திரம்.

சாதித்த வீரர்களுக்கான காட்சிக்கூடமான ஹால் ஆஃப் ஃபேம் 1963இல் திறந்தது. நுழைவுக் கட்டணம் நாற்பது டாலரை ஒட்டி. புதன்கிழமை, கூட்டமே இல்லை. வெண்கலத் தலைகள் வரிசையாக இருக்கும் அறையில் வெளிச்சம் குறைவு. எனக்கு வேண்டிய தலையைத் தேடினேன். மைக் வெப்ஸ்டர், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ், நாலு சூப்பர் பவுல் ஜெயித்தவர், 1997இல் இங்கே சேர்த்தார்கள். ஓய்வுக்குப் பிறகு நினைவு தடுமாறி, சில காலம் தன் பிக்கப் வண்டியிலேயே தூங்கி, 2002இல் 50 வயதில் செத்தார். அவர் மூளையை அறுத்துப் பார்த்த பென்னட் ஒமாலு என்ற நைஜீரிய டாக்டர்தான், திரும்பத் திரும்பத் தலையில் வாங்கும் இடியால் வரும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவை ஒரு என்.எஃப்.எல். வீரரிடம் முதன்முதலில் கண்டார். லீக் டாக்டர்கள் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழகம் ஆராய்ந்த 111 என்.எஃப்.எல். மூளைகளில் 110இல் அதே நோய். சந்தேகம் இருக்கிற குடும்பங்கள்தான் மூளையைக் கொடுக்கும் என்பதால் அதை எல்லா வீரர்களுக்கும் பொருத்திவிடக் கூடாது. அப்படியே கழித்துப் பார்த்தாலும் சின்ன எண் வராது. லீக் 100 கோடி டாலர் அளவுக்கு இழப்பீட்டு ஒப்பந்தம் போட்டது. உயிரோடு இருக்கும்போது இந்த நோயை உறுதி செய்ய இன்னும் வழியில்லை.

பக்கத்தில் வந்து நின்ற தன்னார்வப் பெரியவர் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டினார். அவர் பக்கத்து மாசிலன் ஊர்க்காரர். கேண்டன் பள்ளிக்கும் மாசிலன் பள்ளிக்கும் 1894இலிருந்து பகை. மாசிலனில் ஆண் குழந்தை பிறந்தால் ஆஸ்பத்திரியிலேயே தொட்டிலில் ஒரு குட்டி ஃபுட்பால் வைப்பார்கள். அவருக்கு வைத்தார்கள், அவர் மகனுக்கும் வைத்தார்கள். பள்ளி அணியில் ஆடியதற்குச் சாட்சியாக இரண்டு முழங்காலும் செயற்கை. “என் அம்மாவை யாரும் கேட்கவில்லை. என் மகள் தன் பையனுக்கு வேண்டாம் என்றுவிட்டாள்” என்றார். பேரன் இப்போது ஃப்ளாக் ஃபுட்பால் ஆடுகிறான். பேத்தியும் அதே. இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை எதிராளி உருவிவிட்டால் ஆட்டம் நிற்கும், இடித்து விழுத்தாட்ட வேண்டியதில்லை.

இதை லீக்கே வளர்க்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஃப்ளாக் உண்டு, ஆண்களுக்கும் பெண்களுக்கும், அணிக்கு ஐந்து பேர். இந்த மே மாதம் என்.எஃப்.எல். வீரர்கள் அதில் ஆட முதலாளிகள் அனுமதி கொடுத்தார்கள். கடை நன்றாக ஓடும்போதே எதிர்வரிசையில் இன்னொரு கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கிற வியாபாரிக்குச் சரக்கு வரத்தைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது. ஒன்றரை கோடிப் பேர் பார்ப்பதா பத்துக் கோடிப் பேர் பார்ப்பதா என்பது அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. பதினாலு வயதில் தலைக்கவசம் மாட்ட எந்த வீட்டுப் பையன் வருவான் என்பதுதான் பிரச்சினை. காசு இருக்கிற வீட்டில் வேண்டாம் என்பார்கள். காசு இல்லாத வீட்டில் கல்லூரிப் படிப்பு இலவசமாகக் கிடைக்கும் என்று அனுப்புவார்கள். இந்த வருடத்திலிருந்து கல்லூரிகளே நேரடியாகச் சம்பளமும் கொடுக்கின்றன. ஆட்டம் நிற்காது. யார் ஆடுவார்கள் என்பது மாறும், அது எனக்கு நிம்மதியான விஷயமாகப் படவில்லை.

பெரியவர் மதியம் எங்கே சாப்பிடலாம் என்று தாளில் வரைந்தே கொடுத்தார். பை நன்றாக இருந்தது, காபி சுமார், இரண்டும் சேர்த்து 9 டாலர்.

நவம்பர் 7, வெள்ளி. ஆர்ச்சர்ட் பார்க், நியூயார்க்

ஈரி ஏரியை ஒட்டியே வண்டி ஓட்டினோம். பக்கவாட்டில் மழை, குடை பிடித்தால் குடைதான் போகும்.

பஃபலோ பில்ஸ் அணிக்கு ஆர்ச்சர்ட் பார்க்கில் மைதானம். 1973இல் கட்டிய பழையது ரோட்டுக்கு ஒரு பக்கம், அடுத்த வருடம் திறக்கப் போகும் புதியது எதிர்ப்பக்கம். கிரேன், லாரி, சேறு. பழையதில் இதுதான் கடைசி சீசன் என்பதால் வேலி ஓரமாக நின்று படம் எடுப்பவர்கள் இந்த மழையிலும் இருந்தார்கள். ஒருவர் ஓரத்தில் கிடந்த கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

புதிய மைதானத்தின் செலவு 200 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அதில் 85 கோடி மக்கள் வரிப்பணம்: மாநிலம் 60 கோடி, கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) 25 கோடி. கொடுக்காவிட்டால் அணி வேறு ஊருக்குப் போய்விடும் என்ற பயம் எல்லா ஊருக்கும் உண்டு. செயின்ட் லூயிஸ் மக்களைக் கேட்டால் தெரியும், 2016இல் ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது. வழக்குப் போட்டு 79 கோடி வாங்கினார்கள், அணி திரும்பவில்லை. கேன்சஸ் சிட்டி இருக்கும் ஜாக்சன் கவுண்டியில் 2024 ஏப்ரலில் மைதான வரியை ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தார்கள். பஃபலோவில் ஓட்டுக்கு விடவே இல்லை. அரசு பணம் ஒதுக்கி இரண்டு வருடம் கழித்து, 2024 டிசம்பரில், அணியின் 10 சதவீதத்தை ஆர்க்டோஸ் என்ற நிதி நிறுவனம் வாங்கியது. கிரீன் பே அம்மாவிடம் பத்திரமாவது இருக்கிறது. 85 கோடி போட்டவர்களுக்கு அதுவும் இல்லை.

இன்னொன்று. புதியது பழையதைவிடச் சிறியது. சுமார் பத்தாயிரம் இருக்கை குறைவு. கூரை கிடையாது, பனியில்தான் ஆட்டம். டிவி பணம் வந்த பிறகு மலிவு டிக்கெட்டில் பத்தாயிரம் பேர் வந்து கத்துவதால் என்ன லாபம் என்று யாரோ கூட்டிக் கழித்திருக்கிறார்கள். டிக்கெட்டுக்கு முன்னால் இருக்கைக்கான உரிமைக் கட்டணம் என்று தனியாக ஒன்று, சில இருக்கைகளுக்கு 50,000 டாலர்வரை.

மழைக்கு ஒதுங்கிய சாப்பாட்டுக் கடையில் பீஃப் ஆன் வெக், 17 டாலர். மேலே கல் உப்பும் காரவே விதையும் ஒட்டிய ரொட்டிக்குள் மெல்லிசாக அரிந்த மாட்டிறைச்சி, நடுவில் துருவிய ஹார்ஸ் ரேடிஷ். அது மூக்கு வழியாக நெற்றிக்கு ஏறும், கீழே இறங்காது. இந்த ஊரில் பிறந்த சிக்கன் விங்ஸும் வாங்கினோம். ராஞ்ச் சாஸ் இருக்கிறதா என்று மாப்பிள்ளை கேட்க, பரிமாறிய அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். ப்ளூ சீஸ்தான். வேறு கேட்கக் கூடாது.

அந்த அக்காவின் குடும்பத்தில் அப்பா காலத்திலிருந்து நாலு சீசன் டிக்கெட். புதிய மைதானத்துக்கு எடுக்கவில்லை. கோபமாகச் சொல்லவில்லை, பஸ் ரூட் மாறிவிட்டது என்கிற மாதிரிச் சொன்னார். “அடுத்த வருடம் வீட்டில் பார்ப்போம். குளிராது, கழிப்பறைக்கு வரிசை இல்லை.” உள்ளூர் அணியின் மேட்ச் எந்த ஆப்பில் போனாலும் உள்ளூர்ச் சேனலில் இலவசமாக வரும், ஆன்டெனா போதும். வெளியூரில் இருக்கும் அவர் மகன்தான் நாலைந்து சந்தா கட்டுகிறானாம். மைதானத்துக்கு நீங்கள் வரி கட்டினீர்களே என்றேன். “அணி போய்விட்டால் இங்கே என்ன இருக்கிறது, பனிதானே?” என்று பில்லை வைத்துவிட்டுப் போனார். 61 டாலர், டிப்ஸ் தனி.

நாளைக்கு நயாகரா. இங்கிருந்து பக்கம். பஃபலோ வரை வந்துவிட்டுப் போகாமல் விட்டால் வீட்டில் திட்டுவார்கள். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் படம் மட்டும் போடுகிறேன்.